கனகதாஸ் ஒட்டிய சீலை

அனகாவின் கல்யாணம் உறுதியான செய்தியைச் சொல்ல ரத்னபாய் தானே பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்திருந்தாள். தம்பி கனகதாஸ் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். சுவரோரம் சாய்த்து வைத்த பெரிய படங்களுக்கு நடுவே அதில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். பெயர் சபரீஷ். காஞ்சிரங்குளத்துக்காரன். கரண்டாபீசில் வேலை. குடி கிடையாது. ஆவணி பதினாலாம் தேதி முகூர்த்தம். அது 1995ஆம் வருஷம்.

“எலே தாசு, ஒரு வாரம் முந்தியே வந்திரணும், கேட்டியா? தாய்மாமன் நீ ஒருத்தனாக்கும் உள்ளது. பின்ன, அந்தச் சீலைய மறக்காம எடுத்துக்கிட்டு வா.”

தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்த கனகதாஸ் திரும்பாமலே கேட்டான்.

“எந்தச் சீலை?”

கேட்ட மாத்திரத்தில் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எந்தச் சீலை என்று அவனுக்குத் தெரியாதா?

“நீலம்மைக்க சீலையாக்கும். வரைக்கதுக்குப் பாக்கணும்னு நீதானே வாங்கிட்டுப் போன? மூணு வருசம் ஆச்சு.”

“உண்டு அக்கா. பத்திரமா உண்டு.”

ரத்னபாய் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து அவனுக்காகக் கொண்டுவந்த பலாச்சுளை வற்றலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நாலு மணி வண்டியில் ஊர் திரும்பினாள். அவளை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்த கனகதாஸ், வற்றல் பொட்டலத்தைப் பிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். சீலை அந்த அறையில் இல்லை. அவன் கையிலும் இல்லை.

நீலம்மை என்பவள் அவர்களுடைய அம்மாவின் பாட்டியைப் பெற்றவள். இவர்கள் சாதிப் பெண்கள் தோளை மூடக்கூடாது என்று இருந்த காலத்தவள். சந்தைக்குப் போன இடத்தில் இரண்டு பேர் அவளுடைய தோள்சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். அவள் கூச்சல் போடவில்லை. சேற்றில் கிடந்த துணியைக் குனிந்து எடுத்தாள், வீட்டுக்கு வந்தாள், கிழிந்த இடத்தைத் தைத்தாள், அடுத்த சந்தைக்கு அதையே போர்த்திக்கொண்டு போனாள். குடும்பத்தில் சொல்லிவந்த கதை இவ்வளவுதான். இரண்டாவது முறை சந்தையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சீலை மிஞ்சியது. தாயிடமிருந்து மூத்த மகளுக்கு என்று கைமாறி வந்தது. வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், பந்தலுக்கு இறங்குமுன் பெட்டியிலிருந்து அதை எடுத்து அவள் தோளில் ஒரு நிமிஷம் போடுவார்கள். “நீலம்மைக்க தோளு ஒனக்கும் உண்டு மக்கா” என்று தாய் சொல்லுவாள். பிறகு மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

கனகதாஸுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். ரத்னபாய்க்கு அப்போது பதினெட்டு. சீலையும் தம்பியும் ஒரே நாளில் அவள் பொறுப்புக்கு வந்தன. அண்டியாபீசில் வறுத்த முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைக்கும் வேலைக்கு அவள் போனாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் போயின. அந்த விரல்களால்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். படம் வரைகிற பையனை என்ன செய்வது என்று ஊரில் எல்லோரும் சிரித்தபோது, அவனைத் திருவனந்தபுரத்தில் ஓவியக் கல்லூரியில் சேர்த்தவளும் அவள்தான்.

படிப்பு முடிந்து பத்து வருஷம் அவன் உருவமில்லாத படங்களாக வரைந்தான். சதுரங்கள், கோடுகள், நிறத்தின்மேல் நிறம். கைத்திறமை இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். “ஆனால் இது யார் வரைந்ததாகவும் இருக்கலாமே, இதில் நீ எங்கே?” என்றார் ஒரு விமர்சகர். அந்தக் கேள்வி அவனை விடவில்லை. திருவனந்தபுரத்தில் அவன் வாயைத் திறந்தால் “பாண்டி” என்றார்கள். நாகர்கோவிலுக்குப் போனால் “மலையாளத்தான்” என்றார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், வீட்டில் ஒரு பாஷையும் பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷையுமாக வளர்ந்தவனுக்கு, தான் யார் என்று ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் இனி வரைவது என்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் முதலில் நினைவுக்கு வந்தது பெட்டிக்குள் இருந்த சீலை.

1992 சித்திரையில் போய்க் கேட்டான். ரத்னபாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளுத்த துண்டில் பொதிந்து கொடுத்தாள்.

“வேற ஆருக்கும் குடுக்கமாட்டேன். நீ படிச்சவன். இதுக்க அருமை ஒனக்குத் தெரியும்.”

ஆறு வாரம் அந்தச் சீலையை எதிரில் மாட்டிவைத்து வரைந்தான். அதைப் படம்பிடித்து, ஸ்லைடாக்கிச் சுவரில் விழவைத்துப் பார்த்தான். கிழிசலின் வளைவை நூறுமுறை கோட்டில் பிடித்தான். எதுவும் சரிவரவில்லை. வரைந்ததெல்லாம் வெறும் படமாக இருந்தது. ஒருநாள் முற்பகல், ஆறடி கான்வாசில் பசையைத் தடவி, சீலையை எடுத்து அதன்மேல் வைத்தான். கொஞ்சம் வைத்துப் பார்ப்போம் என்றுதான் வைத்தான். பசை காய அரைமணி நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அரைமணிக்குள் மெல்ல உரித்து, தண்ணீரில் அலசினால் பழையபடி ஆகிவிடும் என்பதும் தெரியும். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். நன்றாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் செய்த எதுவும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்த அரைமணியும் நின்றான். பிறகு செம்மண் நிறத்தைக் குழைத்துச் சீலையின்மேல் இழுத்தான்.

பின்னாளில் அவன் எத்தனையோ சமாதானம் தேடினான். வேகத்தில் செய்துவிட்டேன், கை தன்னாலே செய்துவிட்டது என்றெல்லாம். அந்த அரைமணி நேரம் ஒவ்வொரு சமாதானத்தையும் பொய்யாக்கியது.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். பத்திரிகைகளில் எழுதினார்கள். “வேர்களின் வலி” என்றார் அதே விமர்சகர். சீலை ஒட்டிய படத்தை சாஸ்தமங்கலத்தில் இருந்த ஒரு டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். அக்காவைக் கண்காட்சிக்குக் கூப்பிடவில்லை. “அங்க ஒக்க இங்கிலீசாக்கும் அக்கா, ஒனக்கு போரடிக்கும்” என்று சொல்லிவிட்டான்.

இப்போது கல்யாணம்.

மறுவாரம் டாக்டர் வீட்டுக்குப் போனான். வார்னிஷ் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னான். டாக்டரின் மனைவி அவனை வரவேற்பறையில் விட்டுவிட்டு டீ போடச் சொல்ல உள்ளே போனார். சோபாவுக்கு மேலே படம் தொங்கியது. அவன் எட்டி, சீலையின் ஒரு மூலையில் நகத்தை நுழைத்துப் பார்த்தான். துணியும் பசையும் சாயமும் உறைந்து ஒரே பொருளாகிக் கிடந்தன, உலர்ந்த ரப்பர் ஷீட்டைப் போல. பலமாக இழுத்தால் தூளாகத்தான் வரும். நகத்தில் ஒரு சிவப்புத் துகள் ஒட்டிக்கொண்டது. உள்ளே கப் அலம்பும் சத்தம் கேட்டதும் கையை இறக்கிக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டுமுறை ஊருக்குப் புறப்பட்டான். ஒருமுறை நெய்யாற்றின்கரையில் இறங்கித் திரும்பிவிட்டான். இன்னொரு முறை வீடுவரை போய்விட்டான். ரத்னபாய் அரிசி புடைத்துக்கொண்டே, “சீலைக்குப் புதுசா ஒரு துண்டு வாங்கி வச்சிருக்கேன், பொதியதுக்கு” என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

பிறகுதான் அந்தக் காரியத்தில் இறங்கினான். பாலராமபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் கைநூலில் நெய்த முண்டுத் துணி ஒன்று பழையதாகக் கிடைத்தது. அதைத் தேயிலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தான். மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டான், மறுபடி நனைத்தான். சாம்பல் தேய்த்தான். ஸ்லைடைச் சுவரில் விழவைத்து, அதன் வளைவிலேயே கிழித்தான். பதினோரு தையல். ஒவ்வொன்றின் சாய்வையும் பார்த்துப் பார்த்து ஊசி ஏற்றினான். மூன்று பகல் ஆயிற்று. எந்தப் படத்துக்கும் அவன் அத்தனை கவனம் கொடுத்ததில்லை. முடித்துப் பார்த்தபோது அவனாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நொடி ஒரு கலைஞனுக்கு வரும் சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி அவன் அதைச் சுருட்டிக் கண்ணில் படாதபடி பைக்குள் திணித்தான்.

கல்யாண நாள் காலை. அனகா பட்டுச்சேலையில், நெற்றியில் சந்தனத்தோடு அறையில் நின்றாள். ரத்னபாய் பெட்டியைத் திறந்து, புதுத் துண்டில் கனகதாஸ் தானே சுற்றி வைத்திருந்த பொதியைப் பிரித்தாள். சீலையை விரித்து இரண்டு கையிலும் ஏந்தினாள். ஏந்தியவள் அப்படியே நின்றாள். கனகதாஸ் வாசலில் நின்றிருந்தான். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். ரத்னபாயின் கணவர் பொன்னப்பன், “நேரமாச்சு கேட்டியா” என்று குரல் கொடுத்தார்.

ரத்னபாய் சீலையை மகளின் தோளில் போட்டாள்.

“நீலம்மைக்க தோளு ஒனக்கும் உண்டு மக்கா.”

அனகா அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

நாலாம் நாள், மறுவீடு எல்லாம் முடிந்து, பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கனகதாஸ் வாடகைப் பாத்திரங்களை எண்ணிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். ரத்னபாய் வந்து பக்கத்தில் நின்றாள்.

“தாசு, அது நீலம்மைக்க சீலை இல்ல.”

அவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

“முப்பது வருசமா சித்திர மாசம் சித்திர மாசம் நானாக்கும் அத அலசி ஒணத்தது. அதுக்க கனம் என் கைக்குத் தெரியும். இது கனம் கூடுதல். பின்ன, தேயிலைத் தண்ணி மணக்கு. நீலம்மைக்க காலத்தில இந்த நாட்டில தேயிலைய ஆரு கண்டா?”

“அக்கா...”

“களஞ்சு போச்சா?”

களைந்து போனது, தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். தொலைப்பது யாருக்கும் நேரக்கூடியது. அந்த வாசலை அவளே திறந்து கொடுத்தாள். அவன் நுழையவில்லை. அந்த வருஷம் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

“களையல்ல அக்கா. படத்தில வச்சு ஒட்டிட்டேன். அதுக்குமேல சாயம் அடிச்சேன். படத்த ஒரு டாக்டர் வாங்கிட்டுப் போனாரு. இனி எடுக்க ஒக்காது.”

பந்தல்காரர் ஒருவர் வந்து கயிறு எங்கே என்று கேட்டார். ரத்னபாய் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து, “எனக்கு அதக் காணணும்” என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போனான். டாக்டரின் மனைவியிடம் “என் அக்கா” என்று சொன்னான். அந்த அம்மா மிகவும் சந்தோஷப்பட்டார். சோபாவில் உட்காரச் சொன்னார். ரத்னபாய் உட்காரவில்லை. படத்துக்கு எதிரே போய் நின்றாள். சிவப்பும் கறுப்புமாக ஆறடி. நடுவில், சாயத்துக்கு அடியில், மேடுபள்ளமாக ஒரு துணியின் உருவம் தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது.

டாக்டரின் மனைவிக்கு, பாவம், விருந்தாளிக்குப் படத்தை விளக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். பழைய காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்கள் அனுபவித்த கஷ்டம் இது. இந்தச் சிவப்பு மண்ணின் நிறம், ரத்தத்தின் நிறமும்கூட. இந்தத் துணி ஒரு குறியீடு. பார்க்கப் பார்க்கத்தான் புரியும், தினம் காலையில் நான் ஒரு தடவை பார்ப்பேன் என்றார். ரத்னபாய் தலையாட்டிக் கேட்டாள். கேட்டபடியே கையை உயர்த்தி, தையல் இருக்கவேண்டிய இடத்தை நோக்கிக் கொண்டுபோனாள்.

“அய்யோ சேச்சி, தொடாதீங்க! விரல்ல எண்ணெய் இருந்தா படம் கெட்டுப்போயிரும்” என்றார் அந்த அம்மா, மரியாதை குறையாமல்.

ரத்னபாயின் கை பாதியில் நின்றது. அவள் தம்பியைப் பார்த்தாள்.

அவன் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இது இவளுடையது, இவள் தொடட்டும். சொன்னால் அந்த அம்மா ஏன் என்று கேட்பார். கேட்டால் எல்லாம் வெளியே வரும். அக்காவிடம் கேட்காமல் ஒட்டியது, அதை மறைக்கப் போலி செய்தது, எல்லாம். விமர்சகர்கள் காதுக்குப் போகும். கனகதாஸ் தரையைப் பார்த்தான். கறுத்த விரல்களை மடக்கிக்கொண்டு ரத்னபாய் கையைக் கீழே இறக்கினாள்.

டீ வந்தது. குடித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் கரமனையைத் தாண்டியது.

“நான் அனகாகிட்டச் சொல்லிரட்டா அக்கா?” என்று அவன்தான் ஆரம்பித்தான். “சொல்லிட்டா எனக்கு மனசு ஆறும்.”

“ஒனக்கு ஆறும். அவளுக்கு?” ரத்னபாய் திரும்பினாள். “அவ அதத் தோளில போட்டுக்கிட்டுத்தான் எறங்கினா. அது பொய்யின்னு அவ எதுக்கு அறியணும்? நீ சொல்லப்பிடாது. இப்பமும் சொல்லப்பிடாது, நான் செத்த பொறவும் சொல்லப்பிடாது. அது ஒனக்குள்ள இருக்கட்டு.”

அன்றைக்குப் பிறகு கனகதாஸ் ஒன்றரை வருஷம் தூரிகையைத் தொடவில்லை. தனுவச்சபுரத்தில் ஒரு டியூட்டோரியலில் சித்திர வகுப்பு எடுத்தான். டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினான். அந்தப் படத்துக்குப் பதிலாக எத்தனை படம் வேண்டுமானாலும் வரைந்து தருகிறேன் என்று கேட்டான். தன் வீட்டில் உள்ளதில் அதுதான் மனைவிக்கு உயிர் என்று பணிவாகப் பதில் வந்தது. மறுபடி வரையத் தொடங்கியபோது சதுரங்களுக்கும் கோடுகளுக்கும் திரும்பினான். வேர், மண், முன்னோர் என்று ஒன்றையும் தொடவில்லை. ஏன் அந்த வழியை விட்டுவிட்டாய் என்று கேட்டவர்களிடம், தெரியவில்லை என்றான்.

ரத்னபாய் அந்தத் துணியைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளவில்லை. அனகாவிடமே கொடுத்துவிட்டாள். மூத்த மகளிடம் நேரத்தோடு போய்ச் சேரட்டும் என்று காரணம் சொன்னாள்.

1998இல் அனகாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கயிறு கட்டும் சடங்குக்குக் காஞ்சிரங்குளத்தில் எல்லோரும் கூடினார்கள். சடங்கு முடிந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அனகா உள்ளே போய் அந்தப் பொதியை எடுத்துவந்தாள்.

“இதுக்க கதைய மாமா சொன்னாத்தான் கேக்க நல்லாருக்கும். மாமா, சொல்லுங்க.”

எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. கூட்டத்துக்குப் பின்னால் ரத்னபாய் வெற்றிலைத் தட்டோடு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

கனகதாஸ் சொன்னான். சந்தை, சேறு, கிழிந்த சீலை, தைத்தது, மறுபடி போனது. குரல் நடுங்கிய இடத்தில் கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். சபரீஷின் சித்தி ஒருத்தி துணியை மடியில் விரித்துத் தையலைத் தடவிப் பார்த்தாள். “என்னா நெருக்கம்! அந்தக் காலத்துப் பெண்ணுங்களுக்குக் கைவேலை இருந்திச்சு பாத்தியா” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். குழந்தையின் மேல் அதைப் போர்த்தினார்கள். ரத்னபாய் தட்டை வைத்துவிட்டு வந்து, குழந்தைக்குப் பசிக்கும் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். துணி பாயில் விழுந்தது. அனகா எடுத்து மடித்தாள்.

சாப்பாடு முடிந்து அக்காவும் தம்பியும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றார்கள். பொன்னப்பன் கொஞ்சம் தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கனகதாஸுக்கு அன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

“இப்பமும் எம்மேல கோவமா அக்கா?”

ரத்னபாய் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“கோவம் ஒண்ணும் இல்ல மக்கா. முன்ன ஒன்னக் காணும்போ எனக்கு அம்மைக்க நெனப்பு வரும். அந்த மூக்கும் நெத்தியும் அப்பிடியே அம்மைக்கது. இப்பம் வரமாட்டேங்கு.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கால்வலியைச் சொல்வதுபோலச் சொன்னாள். பஸ் வந்தது. பெண்கள் பக்கத்தில் இடம் இருந்தது, அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கனகதாஸ் பின்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெய்யாற்றின்கரை வரும்வரை அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.